சிங்கப்பூரில் பச்சிளங்குழந்தையோடு வார இறுதி: எப்போது கிளம்புவது, எங்கே போவது

சிங்கப்பூரில் முதல் குழந்தை பிறந்த தம்பதியர் வெளியே கிளம்பத் துணியும்போது பெரும்பாலும் இடத்தைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். பூமலை என்னும் தாவரவியல் தோட்டமா, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையா, செந்தோசாத் தீவா என்று பேசித் தீர்த்து, பால் கொடுத்து, பையை அடுக்கி, வீட்டுக் கதவைப் பூட்டும்போது மணி பதினொன்றாகிவிடுகிறது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையை இந்தத் தீவில் வெளியே தூக்கிச் செல்வதற்கு அதைவிடப் பொருந்தாத நேரம் கிடையாது. இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மணியை முடிவு செய்யுங்கள். பிறந்தது முதல் ஏறக்குறைய ஆறு மாதம் வரையுள்ள குழந்தையை மனத்தில் வைத்தே கீழே உள்ளவற்றை எழுதுகிறேன்.

வெயிலும் கடிகாரமும்

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 1.3 பாகை வடக்கே இருப்பதால் இங்கே கோடை, குளிர் என்ற பிரிவு இல்லை. ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 31, 32 டிகிரியை ஒட்டியே இருக்கும். ஆனால் புதிதாக வருபவர்கள் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 1982 ஜனவரி 1 முதல் இங்குள்ள கடிகாரம் கிரீன்விச் நேரத்தைவிட எட்டு மணி நேரம் முன்னதாக ஓடுகிறது. தீவு அமைந்திருக்கும் தீர்க்கரேகையின்படி பார்த்தால் ஏழு மணி நேரம்தான் முன்னதாக இருக்க வேண்டும். அதனால் சூரியன் காலை ஏழு மணி வாக்கில் உதித்து, பகல் ஒரு மணி வாக்கில்தான் உச்சிக்கு வருகிறது. சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்தவர்கள் எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளென்று ஏறிவிடும் என்று அஞ்சத் தேவையில்லை. இங்கே எட்டு மணி இன்னும் இளங்காலைதான். அதே கணக்கில், மாலை நான்கு மணிக்கு வெயில் தாழ்ந்திருக்கும் என்று நம்பிக் கிளம்புவதும் சரிவராது. இங்கே நான்கு மணி வெயில் ஊரில் மூன்று மணிக்கு அடிக்கும் வெயில்.

ஆகவே குழந்தைக்கு ஏற்ற நேரம் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரையும், மாலை ஐந்தரையிலிருந்து இருட்டும் வரையும்தான். இரண்டில் காலையே மேல் என்பது என் கருத்து. இரவு முழுவதும் தரை ஆறியிருக்கும், பூங்காக்களில் கூட்டம் சேர்ந்திருக்காது, முக்கியமாக இடிமழைக்கு வாய்ப்புக் குறைவு. ஆறரைக்கு ஒரு முறை பாலூட்டிவிட்டு ஏழு மணிக்குக் கிளம்பினால், அடுத்த பசிக்கு ஒரு மர நிழலில் அமர்ந்து பால் கொடுத்துவிட்டு ஒன்பதரைக்குள் திரும்பிவிடலாம். இரண்டு பாலூட்டலுக்கு மேல் நீளாத பயணமே முதல் மூன்று மாதங்களுக்குப் போதுமானது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் சூரியக்காப்புக் களிம்பு பூசுவதை மருத்துவர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை; நேரடி வெயிலில் வைக்காமல் இருப்பதுதான் பாதுகாப்பு. மஞ்சள் காமாலைக்கு இளவெயில் நல்லது என்று தாத்தா பாட்டிமார் குழந்தையைப் பால்கனியில் கிடத்தச் சொல்வார்கள். காமாலை இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்பதைப் பலதுறை மருந்தகத்தில் (அரசின் பாலிகிளினிக்கில்) பரிசோதித்துத்தான் அறிய வேண்டும்; வெயில் அதற்குச் சிகிச்சை ஆகாது.

மழையும் புகைமூட்டமும்

ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாள்களில் இடி இடிக்கும் ஊர் இது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் கருமேகம் திரண்டு, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு ஓய்வது வழக்கம். காற்று திடீரென்று குளிர்ந்து, மரத்து இலைகள் அடிப்பக்கம் காட்டித் திரும்பினால், தள்ளுவண்டியின் மழை உறையைத் தேடிக்கொண்டு நிற்காமல் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். பூங்காவில் இருக்கும் தனிக் குடில், உயர்ந்த மரம் இரண்டுமே மின்னலின்போது ஒதுங்கத் தக்கவை அல்ல. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்கு முன்போ காலையிலோ சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றோடு வரும் மழைக்கோடுகளும் உண்டு. அதனால் கிளம்புவதற்குச் சற்று முன் வானிலை ஆய்வகத்தின் மழை ராடார் படத்தைப் பார்ப்பது நல்ல பழக்கம். மேற்கிலிருந்து செந்நிறப் பட்டை நகர்ந்து வந்தால் அன்றைய காலையை வீட்டிலேயே கழிக்கலாம். டிசம்பரிலும் ஜனவரி முற்பகுதியிலும் சில சமயம் நாள் கணக்கில் மழை பெய்யும். பிப்ரவரிதான் காற்றோட்டமும் வறட்சியும் சேர்ந்த மாதம். அப்போது குழந்தைக்கு இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இந்தோனேசியக் காட்டுத்தீயால் புகைமூட்டம் வரக்கூடும், எல்லா ஆண்டும் வராது. தேசியச் சுற்றுப்புற வாரியம் காற்றுத்தரத்தை மணிக்கு மணி வெளியிடுகிறது. அப்போதே வெளியே போவதா என்று முடிவெடுக்க 24 மணி நேரக் குறியீட்டைவிட ஒரு மணி நேர நுண்துகள் அளவுதான் உதவும். பச்சிளங்குழந்தைக்கு முகக்கவசம் அணிவிக்கக் கூடாது என்பதால், அந்த அளவு வழக்கத்தைத் தாண்டினால் வேறு வழியின்றிச் சன்னலைச் சாத்திவிட்டு உள்ளேதான் இருக்க வேண்டும்.

முதல் நாற்பது நாள்

இந்த ஊரில் மூன்று சமூகத்துப் பாட்டிமாரும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் இதுவாகத்தான் இருக்கும்: தமிழர் வீடுகளில் நாற்பது நாள், சீனர் வீடுகளில் ஒரு மாதம், மலாய்க்காரர் வீடுகளில் நாற்பத்து நான்கு நாள் என்று தாயும் சேயும் வீட்டோடு இருக்க வேண்டும் என்கிறார்கள். நலமாகப் பிறந்த குழந்தை அத்தனை நாள் காற்றே படாமல் இருக்க வேண்டும் என்று மருத்துவம் சொல்வதில்லை. ஆனால் தாயின் உடலைக் கருதினால் அந்த வழக்கத்தில் நியாயம் இருக்கிறது. அறுவைசிகிச்சை செய்துகொண்டவர் ஆறு வாரங்களுக்குக் குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்காமல் இருப்பதே நல்லது. தள்ளுவண்டியை மடித்துக் காரில் ஏற்றுவது அப்பாவின் வேலை.

இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் காலையில் வீட்டுக்கு வெளியே நடைபாதையில் பத்து நிமிடம் நடக்கலாம். அடுத்த வாரம் மின்தூக்கியில் இறங்கி வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளத்தில் உட்காரலாம். கீழ்த்தளம் பச்சிளங்குழந்தைக்கென்றே கட்டியது போன்ற இடம்: கூரை உண்டு, நான்கு பக்கமும் காற்று வரும், கல் இருக்கை இருக்கும், அழுதால் இரண்டு நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடலாம். மாமியார் கூடவே வந்து உட்கார்ந்தால் வாக்குவாதமும் மிச்சம்.

இரண்டு மாதத்தில் ஆறு நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியின் முதல் தவணை போடப்படும். அதற்கு முன்பு தவிர்க்க வேண்டியது பூங்காவை அன்று. குளிரூட்டிய பேரங்காடியையும், ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா சந்தையையும், திருவிழாக் கூட்டத்தையும்தான். திறந்தவெளியில் இருமல் சளி தொற்றும் வாய்ப்பு அடைத்த அறையைவிடக் குறைவு. கோயிலுக்கு அழைத்துச் சென்று பெயர் வைக்க வேண்டுமென்றால் சிராங்கூன் சாலைப் பக்கத்துக் கோயில்களுக்கு வாரநாள் காலையில் போகலாம். வெள்ளி மாலையைத் தவிர்த்துவிடுங்கள்.

உடை, தூக்குபை, தள்ளுவண்டி

"பிள்ளைக்குக் காது மூடித் தொப்பி போடும்மா, காற்று அடைச்சிடும்" என்ற குரல் எல்லா வீட்டிலும் கேட்கும். பச்சிளங்குழந்தையின் உடல் வெப்பத்தை வெளியேற்றுவதில் தலைக்குப் பெரும் பங்கு உண்டு. வியர்க்கும் திறனும் பெரியவர்களைவிடக் குறைவு. முப்பது டிகிரியில் கம்பளித் தொப்பியும் கையுறையும் காலுறையும் போட்டால் குழந்தை சிவந்து, சோர்ந்து, பால் குடிக்க மறுக்கும். மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று, கை கால் மூடும் தளர்ந்த காற்சட்டை ஒன்று, வெளியே நடக்கும்போது மட்டும் விளிம்புள்ள பருத்தித் தொப்பி, இவ்வளவு போதும். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பின்கழுத்தில், சட்டைக் கழுத்துக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலை நுழைத்துப் பாருங்கள்: அங்கே ஈரமும் சூடுமாக இருந்தால் ஓர் உடையைக் கழற்ற வேண்டும், வெதுவெதுப்பாகவும் காய்ந்தும் இருந்தால் சரி.

தள்ளுவண்டியின் மேல் துணியைப் போர்த்தி நிழல் உண்டாக்குவதை ஒவ்வொரு பூங்காவிலும் பார்க்கிறேன். வெளியிலிருந்து பார்க்கப் பாதுகாப்பாகத் தெரியும் அந்தத் துணிக்குள் கையை விட்டுப் பாருங்கள். காற்று நின்று, அடைத்த காரின் பின்னிருக்கையில் இருக்கும் புழுக்கம் அங்கே இருக்கும். மெல்லிய மல் துணியும் அதையே செய்யும். வண்டியின் சொந்தக் கூரையை இழுத்துவிட்டு, நிழல் தேடி வண்டியை நகர்த்துவதே சரி. கைப்பிடியில் மாட்டும் சிறிய மின்விசிறி உதவும். குழந்தையின் விரல் எட்டாத தூரத்தில் அதைப் பொருத்த வேண்டும். கழுத்து நிற்கும்வரை வண்டியின் இருக்கை தட்டையாகச் சாயக்கூடியதாக இருக்க வேண்டும். உட்கார்ந்தவாறு உறங்கினால் தாடை நெஞ்சில் பட்டு மூச்சுத் தடைபடலாம்.

நெஞ்சோடு அணைத்துக் கட்டும் தூக்குபைக்கும் அதே விதிதான். குழந்தையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும், உச்சந்தலை நீங்கள் குனிந்து முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும், தாடைக்கும் நெஞ்சுக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். பல தூக்குபைகளுக்குக் குறைந்தபட்ச எடை உண்டு. குறைமாதக் குழந்தையாக இருந்தால் அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே கட்டுங்கள். தூக்குபையையே ஓர் உடையாகக் கணக்கில் கொண்டு உள்ளே குறைவாக உடுத்தி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை அவிழ்த்து இருவரின் வியர்வையையும் துடைக்க வேண்டும். காட்டுப்பாதைக்குத் தூக்குபை, பூங்காவுக்குத் தள்ளுவண்டி என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

பால்

எவ்வளவு வெயிலானாலும் ஆறு மாதத்துக்கு முன் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் கூடாது. பாலை அடிக்கடி கொடுத்தால் போதும். தண்ணீர் குடிக்க வேண்டியவர் பாலூட்டும் தாய்தான், அவருக்கு ஒரு பெரிய குப்பி தனியாக இருக்கட்டும். பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பனிக்கட்டிப் பொதி வைத்த குளிர்காப்புப் பையில் எடுத்துச் செல்ல வேண்டும். அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் தாங்கும் என்ற கணக்கு 25 டிகிரி அறைக்கு உரியது, ஈஸ்ட் கோஸ்ட் மணலுக்கு அன்று. மாவுப்பால் கொடுப்பவர்கள் கலந்து எடுத்துப் போகாமல், கொதித்த வெந்நீரைக் குடுவையிலும் மாவை அளந்து தனி டப்பியிலும் வைத்து, வேண்டும்போது கலந்து ஆற்றிக் கொடுக்கலாம். குடித்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். நாளொன்றுக்கு ஆறு முறைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தால் பால் போதவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட நாளில் வெளியே போக வேண்டாம்.

கொசு

இந்த வழிகாட்டியில் தீர்வு முழுமையாக இல்லாத ஒரே பகுதி இது. வெயில் தாழ்ந்த காலையும் மாலையுமே குழந்தைக்கு உகந்தவை என்றேன். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு மிகுதியாகக் கடிப்பதும் விடிந்த பிறகான சில மணி நேரத்திலும் சூரியன் மறைவதற்கு முந்தைய சில மணி நேரத்திலும்தான். இரண்டையும் ஒருசேரத் தவிர்க்க முடியாது. ஆகவே வெயிலுக்கு நேரத்தையும், கொசுவுக்கு இடத்தையும் உடையையும் கொண்டு ஈடுகட்ட வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கொசுவிரட்டி எதையும் பூச வேண்டாம். தள்ளுவண்டியை முழுவதும் மூடும் சன்னக் கொசுவலை மலிவானது, காற்றையும் தடுக்காது. தாயும் தந்தையும் பூசிக்கொள்ளலாம், குழந்தையின் வாய் படும் இடத்தைத் தவிர.

தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் டெங்கிக் குழுமப் பட்டியலை, அதாவது அருகருகே பலருக்கு டெங்கி கண்ட இடங்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். பேட்டையில் தொங்கும் மஞ்சள் பதாகை அந்தக் குழுமத்தில் பத்துக்குக் குறைவான நோயாளிகள் இருப்பதையும், சிவப்புப் பதாகை பத்தும் அதற்கு மேலும் இருப்பதையும் காட்டும். சிவப்புப் பதாகை உங்கள் புளோக்கின் கீழேயே தொங்கினால், வீட்டில் இருப்பதைவிடக் காற்றடிக்கும் கடலோரத்துக்குப் போவதே நல்லது. வீட்டுக்குள் பூச்சட்டித் தட்டையும், குழந்தைத் துணி ஊறவைக்கும் வாளியையும் கவிழ்த்து வையுங்கள்.

எந்த இடங்கள்

பச்சிளங்குழந்தையோடு போக இந்தத் தீவில் முதலிடம் பூமலைக்குத்தான். 1859-இல் இப்போதுள்ள இடத்தில் நிறுவப்பட்டு, 2015-இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமான இந்தத் தோட்டம் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுகிறது, நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம் உண்டு. புக்கிட் தீமா வாசலை ஒட்டியே பொட்டானிக் கார்டன்ஸ் பெருவிரைவு ரயில் நிலையம் இருக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் தளம் போட்ட அகலமான பாதை ஏரியைச் சுற்றிப் போகும். அங்கிருந்து சிம்ஃபனி ஏரி வரை நிதானமாகத் தள்ளிக்கொண்டு போய், சரிவான புல்வெளியின் ஓரத்து மரநிழலில் விரிப்பைப் போட்டு, பாலூட்டி, உறங்கவைத்துத் திரும்பினால் அந்தக் காலைக்கு அதுவே நிறைவு. தாங்ளின் வாசல்வரை போயே தீர வேண்டும் என்று இழுத்தால் ஒன்பதரை தாண்டிவிடும். நடுவில் உள்ள மழைக்காட்டுத் துண்டுக்குள் கொசு அதிகம், அதை விட்டுவிடலாம்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்தது. 2024 ஜூனில் மரின் பரேட், சிக்லாப், பேஷோர் உள்ளிட்ட ரயில் நிலையங்கள் திறந்த பிறகு காரில்லாதவர்களும் எளிதாகப் போக முடிகிறது. விரைவுச்சாலைக்கு அடியில் செல்லும் சுரங்க நடைபாதையில் தள்ளுவண்டி தாராளமாகப் போகும். காற்று இருப்பதால் கொசு குறைவு. ஆனால் ஈரமணலில் கடிக்கும் சிறு பூச்சிகள் உண்டு, அதனால் விரிப்பை மணலில் போடாமல் புல்லிலோ இருக்கையிலோ அமருங்கள். வார இறுதியில் மிதிவண்டிகள் வேகமாக வரும். மிதிவண்டிப் பாதையையும் நடைபாதையையும் பிரிக்கும் அடையாளத்தைப் பார்த்து நடக்க வேண்டும்.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் கான்கிரீட் கால்வாயாக இருந்தது இப்போது புல்கரையோடு ஓடும் ஆறு. நீர்நாய்க் குடும்பங்கள் அங்கே அடிக்கடி தென்படும். குட்டிகளோடு இருக்கும்போது நெருங்கினால் அவை தாக்கும் என்பதால் தள்ளியே நில்லுங்கள். மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தில் கரையோரப் பலகைப்பாதை வரை போகலாம். மர உச்சிப் பாலம் இந்த வயதுக்கு ஏற்றதன்று. அது வரை போய்த் திரும்பப் பாதி நாள் ஆகும், இடையில் நிழற்குடையோ கழிவறையோ நினைத்த இடத்தில் கிடைக்காது. அங்குள்ள குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் உணவு என்றே எண்ணிப் பறிக்கும். அணையாடைகளைக்கூட வாய்மூடிய முதுகுப்பைக்குள் வையுங்கள்.

மழைநாளுக்குக் கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை த பே) கண்ணாடிக் கூடங்கள் இருக்கின்றன. உள்ளே 25 டிகிரிக்குக் கீழே இருக்கும், ஆகவே உள்ளே நுழைந்ததும் ஒரு மேலாடை சேர்த்து, வெளியே வருமுன் கழற்ற வேண்டும்.

போக்குவரத்து

எல்லாப் பெருவிரைவு ரயில் நிலையங்களிலும் மின்தூக்கி உண்டு. மின்படியில் தள்ளுவண்டியை ஏற்றாதீர்கள். 2017 ஏப்ரலிலிருந்து பேருந்துகளிலும் வண்டியை மடிக்காமலே ஏற்றலாம். தனியார் வாடகைக் காரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். டாக்சிக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. விலக்கு இருக்கிறது என்பதற்காக மடியில் வைத்துப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரயில் எட்டும் இடமாகத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கலே எழாது.

குடியுரிமை உள்ள குழந்தையின் தந்தைக்கு 2025 ஏப்ரல் முதல் அரசாங்கம் ஊதியம் தரும் நான்கு வார விடுப்பு உண்டு. முதலாளியோடு பேசி, அதில் சில நாள்களை மூன்றாம் நான்காம் மாதத்துக்கு ஒதுக்கிவைத்து, செவ்வாய் புதன் என்று வாரநாள் காலையில் பூங்காவுக்குப் போனால், வார இறுதியில் கிடைக்காத அமைதி கிடைக்கும்.

எப்போது திரும்புவது, எப்போது மருத்துவமனை

குழந்தை வழக்கத்துக்கு மாறாகத் துவண்டிருந்தாலும், பால் மறுத்தாலும், தோல் சூடாக இருந்தாலும் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்துப் பால் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு வெப்பமானியில் 38 டிகிரியோ அதற்கு மேலோ காட்டினால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கேகே மகளிர், சிறார் மருத்துவமனையின் அவசரப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது. மூச்சுத்திணறல் இருந்தால் 995-ஐ அழைக்க வேண்டும்.

படகில் போக வேண்டிய புலாவ் உபின் தீவை ஆறு மாதத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கழுத்து நின்றிருக்கும், சூரியக்காப்புக் களிம்பு பூசலாம், திட உணவும் தொடங்கியிருக்கும். சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். கட்டணத்தை ரொக்கமாகத் தர வேண்டும். தீவில் மருத்துவமனை கிடையாது, பாதைகள் கரடுமுரடு, ஆகையால் தூக்குபைதான் உதவும். செக் ஜாவா ஈரநிலப் பலகைப்பாதைக்குப் படகுத்துறை அருகிலேயே வேன் வாடகைக்குக் கிடைக்கும். காலை முதல் படகுகளிலேயே போய், வெயில் ஏறுமுன் திரும்புங்கள். திரும்பும்போது பன்னிரண்டு பேர் சேரவில்லை, குழந்தையோ அழுகிறது என்றால், மீதி இருக்கைகளுக்கும் நீங்களே பணம் கொடுத்து உடனே கிளம்பச் சொல்லலாம். படகோட்டிகளுக்கு இது பழகிப்போன ஏற்பாடு.